மாதிரிப்படி ஒரு மொட்டைப் பல்

எங்கள் ஃபாக்டரியின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவர்கள் ஆஸ்பத்திரியில்தான் எனக்குச் சர்க்கரை மாத்திரை கிடைக்கிறது. பெங்களூரில் அரசாங்கம் நடத்திய பெரிய ஃபாக்டரிகளில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் ரகுராம். அங்கே அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். செய்து முடித்த சாமானை அளந்து பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. என் முத்திரை விழாமல் ஒரு திருகாணிகூட அந்த கேட்டைத் தாண்டாது. அளவு விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று கேன்டீனில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நான் சொல்ல வந்தது ஞானசேகரனைப் பற்றி. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஃபாக்டரியில் டைம் ஆபீஸ் கிளார்க். காலை ஏழரைக்குச் சங்கு ஊதும். ஏழு முப்பத்தொன்றுக்குக் கார்டு குத்தினால் சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று கோடு சேர்ந்தால் அரை நாள் லீவு போச்சு. டயர் பஞ்சர் என்றாலும் சரி, மாமியார் செத்துப்போனாள் என்றாலும் சரி, அந்த மனிதரின் பேனாவுக்கு ஈவிரக்கம் கிடையாது. இருபது வருஷமாக நாலாயிரம் பேர் அவரைக் காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் சபித்துக்கொண்டிருந்தார்கள். என் கார்டிலும் கோடு போட்டிருக்கிறார். ஒரே தெருக்காரன், அவரோடு ஒரே பஸ்ஸில் வந்தவன்! "அதே பஸ்லதானே சார் நீங்களும் வந்தீங்க" என்று கேட்டால், தன் கார்டை எடுத்துக் காட்டுவார். அதிலும் சிவப்புக் கோடு இருக்கும். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு வேறு முகம். சர்ச்சில் பாடும் கொயரில், அடிச்சுருதி கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பார். எண்பத்திரண்டில் பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது அவர்களிடம் வாங்கிய ஜப்பான் கிட்டார். நாலே நாலு கம்பி. தானே தடவித் தடவிப் பழகிக்கொண்டார். வாசிக்கும்போது உதடு பிரியாமல் ஒரு சிரிப்பு வரும். டைம் ஆபீஸ் ஜன்னலில் அந்தச் சிரிப்பை யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தக் கொயரில் வேறு வாத்தியமே கிடையாது. பழைய ஆர்கனின் துருத்தியை எலி தின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கொயர் மாஸ்டர் யூஜின், ஞானசேகரனின் மனைவி டோரீனுக்கு அண்ணன். ஒரு சின்ன ஊதலை வாயில் வைத்து முதல் சுருதியை ஊதிக் காட்டுவார். அதற்கப்புறம் கூடப் பாடும் சபையைத் தாங்கிப் பிடிப்பது ஞானசேகரனின் பேஸ் ஒன்றுதான்.

தாங்கிப் பிடிப்பது என்றா சொன்னேன்? கீழே இறக்குவது என்று சொல்லவேண்டும். கிட்டாரின் தலையில் ஒவ்வொரு கம்பியையும் முறுக்கி நிறுத்த ஒரு கீ உண்டு. நாலாவது கம்பி, இருப்பதிலேயே தடித்தது, அதன் கீயில் விரலால் பிடிக்கும் காது உடைந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மிச்சமிருந்த தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகுவார். திருகினாலும் நிற்காது. முதல் சரணத்தில் சரியாக இருக்கும். இரண்டாவதில் லேசாகத் தளரும். நாலாவது சரணத்துக்குள் பாட்டு அரை சுருதி கீழே போயிருக்கும், சபையும் கூடவே போயிருக்கும். வயதான பெண்கள் வரிசைக்கு இதில் பரம சந்தோஷம். நாலாவது சரணத்தில்தான் அவர்கள் தொண்டைக்கு எட்டும். யூஜினுக்குத்தான் ஞாயிறு தவறாமல் தலைவலி.

தொண்ணூற்றாறு அக்டோபரில் யூஜினின் மகன் துபாயிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டு அனுப்பினான். ஒரு பட்டனைத் தட்டினால் இடது கையே பேஸ் வாசிக்குமாம். ஞாயிறு மதியம் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே யூஜின் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பாட்டாவே நடக்குற கேரல் சர்வீஸ் வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் உங்க கம்பி எறங்குச்சுன்னா நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்க. பொட்டியே பேஸ் வாசிச்சுக்கும்."

"சரி மச்சான்" என்றாராம் ஞானசேகரன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாராம், வாயில் வைக்கவில்லையாம். டோரீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞானசேகரன் பிரிகேட் ரோடு பக்கம் வாத்தியக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒற்றைக் கீ கிடைக்காது, நாலும் சேர்த்து சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கவேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எங்கள் டூல் ரூமுக்கு வந்தார்.

டைம் ஆபீஸ்காரர் உள்ளே நுழைந்ததும் பதினெட்டுப் பேர் டீ கிளாஸைக் கீழே வைத்தோம். வேலையைக் கீழே வைத்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். வேலை இருந்தால்தானே? ஒழுங்கான ஆர்டர் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மெஷினைத் துடைப்போம், எண்ணெய் போடுவோம், மறுபடியும் துடைப்போம். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு இரும்பைச் செதுக்கி எடுக்கத் தெரிந்தவர்கள் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன சார், யார் லேட்டு? எல்லாரும் இங்கேயேதான் இருக்கோம், எண்ணிக்கோங்க" என்றான் நாணு. பேச்சில் கன்னடம் கலக்கும். பல் சக்கரம் வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் கார்டில்தான் சிவப்புக் கோடுகளும் அதிகம்.

ஞானசேகரன் கைக்குட்டையைப் பிரித்து கீயை மேஜைமேல் வைத்தார். "இது ஒடஞ்சிபோச்சு. இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரணும்."

"எத்தன மணிக்கு வேணும் சார்? ஏழு முப்பதுக்கா, ஏழு முப்பத்தொண்ணுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று யூஜின் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு, "வீட்லயும் என் பேச்சு எடுபடாது. இங்கயும் என்னைக் கண்டா யாருக்கும் ஆகாது. அந்த ஒரு மணி நேரம்தான் நாலு பேரு என்கூடச் சேர்ந்து வர்றாங்க. அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நாணு சிரிப்பை நிறுத்தினான். கீயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "மாடோணா சார், பண்ணிடலாம். மொதல்ல உக்காருங்க" என்று தன் ஸ்டூலைத் தள்ளிவிட்டான்.

உடைந்த காதை மட்டும் புதிதாகச் செய்து மாட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. நாலு வருஷம் பட்டினி கிடந்தவன் முன்னால் அரை இட்லியை வைத்தால் சும்மா இருப்பானா? முழுக் கீயையும் அடியிலிருந்து புதிதாகச் செய்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஜாப் நம்பர் இல்லாமல் எங்கள் ஃபாக்டரியில் ஒரு துரும்பும் அசையாது. ஆகவே 'டெவலப்மென்ட் சாம்பிள்' என்று ஒரு கார்டு போட்டோம். வரைபடம் போடும் சுந்தரேசன் மூன்று ஷீட்டில் டிராயிங் போட்டான். பித்தளை வந்தது, எஃகு வந்தது. பதினெட்டுப் பேரும் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். டைம் ஆபீஸில் சிவப்பு மை காய்ந்துபோனது.

மாதிரிச் சாமானை, அதாவது பழைய கீயை, அளப்பது என் பொறுப்பு. மண்ணெண்ணெயில் போட்டு அழுக்கைக் கழுவினேன். காதைத் திருகும்போது கம்பியை இழுத்துச் சுற்றுகிற பல் சக்கரத்தில் இருபது பல். பத்தொன்பது முழுசாக இருந்தன. பதினோராவது பல் பாதிதான் இருந்தது, அதுவும் ஒரு பக்கம் சாய்வாக. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பெரிதாக்கித் திரையில் போட்டும் பார்த்தேன். விஷயம் பெரிதாகி, டிராயிங் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே போட்டோம்.

"நோடி சார், இங்க பாருங்க, ஜப்பான்காரன் காரணம் இல்லாம ஒண்ணும் பண்ணமாட்டான்" என்றான் நாணு. "கம்பி ரொம்ப இறுகினா அறுந்துடும்ல? அதுக்காக ஒரு பல்லுல மட்டும் எடம் விட்டிருக்கான். என்ன மூளை பாருங்க!"

சுந்தரேசனுக்கு அப்போதே லேசாகச் சந்தேகம். "தேஞ்சுபோன பல்லா இருக்குமோ?" என்று இழுத்தான்.

அவன் வாயை அடைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். "சாம்பிள்ல இருந்தா டிராயிங்ல இருக்கணும். டிராயிங்ல இருந்தா பீஸ்ல இருக்கணும். நம்ம யோசனையக் கேட்டு யாரும் சம்பளம் குடுக்கல" என்றேன். இது நான் கண்டுபிடித்த சட்டம் அல்ல. எங்கள் ஃபாக்டரியே வெளிநாட்டுச் சாமானைப் பார்த்து நகலெடுத்து வளர்ந்த ஃபாக்டரி. ஒருமுறை ஏதோ ஒரு பம்பை நகலெடுத்தபோது, அதன்மேல் தற்செயலாகக் காய்ந்திருந்த பெயின்ட் சொட்டைக்கூட டிராயிங்கில் ஏற்றி, ஐந்நூறு பம்பிலும் பிசகாமல் சொட்டு வைத்தவர்கள் நாங்கள்.

பத்தொன்பது முழுப் பல்லும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அந்த மொட்டைப் பல்லுக்குத்தான் நாணுவுக்கு மூன்று நாள் பிடித்தது. மெஷினில் வராத சாய்வு அது. ஊசி அரத்தை வைத்து, மூச்சைப் பிடித்து, கையாலேயே ராவினான். அடேயப்பா, என்ன வேலை! பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் போட்டேன். நகக்கண் அளவுகூட வித்தியாசமில்லை. குரோமியம் பூசி வந்ததும் பளபளவென்று மூன்று இதழ் காதோடு கண்ணைப் பறித்தது. 'பதினோராவது பல், சாம்பிள்படி சரி' என்று ரிப்போர்ட்டில் எழுதி என் முத்திரையைக் குத்தினேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கேட்டைத் தாண்டி எடுத்துப்போவது அடுத்த கஷ்டம். ஃபாக்டரிச் சாமானை வெளியே கொண்டுபோகிறவர்களைப் பற்றி மேலிடத்துக்கு மெமோ எழுதுவது யார் வேலை? ஞானசேகரன் வேலைதான். அந்த ஞானசேகரன் கீயை டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்துக்கு அடியில் புதைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நடந்துவந்தவருக்கு டிசம்பர் குளிரில் சட்டை நனைந்துவிட்டது. காவலாளி அவருடைய பையைத் தொடவே இல்லை, எழுந்து நின்று சல்யூட் அடித்தான். "இருபது வருஷமா இவனை நம்பியா இருந்தோம்" என்று பஸ் ஸ்டாப்பில் அவர் வருத்தப்பட்டதுதான் வேடிக்கை.

கேரல் சர்வீஸுக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், அவர் வீட்டிலேயே கீயை மாட்டினோம். டோரீன் கூடத்தின் ஒரு மூலையில் கொயர் அங்கிக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிங் பிளேயர் இல்லாமல், இரண்டு விரலால் ஞானசேகரன் கீயைத் திருப்பினார். வெண்ணெயாய்த் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். முதல் சரணம் நின்றது. இரண்டாவது சரணத்தில் எனக்கே கேட்டது. மூன்றாவதில் டொய்ங் என்று கம்பி தளர்ந்தது. பழையபடி, அதே இடத்தில், அதே அளவுக்கு.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "சார், நீங்க செக் பண்ணீங்கள்ல?"

நான் சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். ஐயோ, அதை வேறு பெருமையாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன்! 'பதினோராவது பல், சாம்பிள்படி சரி' என்று வாசிக்கும்போதே அது உடைந்த பல் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

"காதுதான் ஒடஞ்சிருக்குன்னு நெனச்சேன் சார். அதனாலதான் எறங்குதுன்னு நெனச்சேன். பல்லு ஒடஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது."

"எங்களுக்குப் பல்லு தெரிஞ்சுது" என்றேன். "ஒடஞ்சதுன்னுதான் தெரியல."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு துணியால் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இனிமேல் புதுச் சக்கரம் வெட்ட நேரமில்லை, மறுநாள் ஃபாக்டரியும் இல்லை.

டோரீன் தையல் மெஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்தாள். "இவ்ளோதானா? கம்பிய அவுத்து இன்னொரு அரைச் சுத்து சேர்த்துச் சுத்துங்களேன், பாபின்ல நூல் சுத்துற மாதிரி. மொட்டைப் பல்லு அந்தப் பக்கம் போயிடும்ல? திருகு பிடிக்கிற இந்தப் பக்கம் நல்ல பல்லு வந்துடுமே!"

நானும் ஞானசேகரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கம்பியை அவிழ்த்தார், அரைச் சுற்று சேர்த்துச் சுற்றினார். வாசித்தார். நாலு சரணம், எட்டுச் சரணம், கம்பி அசையவில்லை. பழைய கீயிலேயே இதைச் செய்திருந்தாலும் நின்றிருக்கும். ஒரு வருஷக் கட்டிங் பிளேயர், பதினெட்டுப் பேர், மூன்று ஷீட் டிராயிங், குரோமியம், என் முத்திரை, எல்லாவற்றுக்கும் பதில் அரைச் சுற்றில் இருந்திருக்கிறது.

"இத மட்டும் நாணுகிட்ட சொல்லிடாதம்மா" என்று டோரீனிடம் கெஞ்சிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் டூல் ரூமே குடும்பத்தோடு சர்ச்சுக்கு வந்து கடைசி மூன்று பெஞ்சை அடைத்துக்கொண்டது. தங்கள் கீயைப் பார்க்க வந்தவர்கள். நாணு தன் மனைவிக்கு எட்டிக் காட்டிக்கொண்டே இருந்தான். நான் என் கோயிலுக்கே ஒழுங்காகப் போகாதவன், கைகட்டி உட்கார்ந்திருந்தேன். நடுவில் யூஜின், துபாய் கீபோர்டு. ஓரத்தில் ஞானசேகரன்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் சுத்தம். இரண்டாவது சரணத்தில் கீபோர்டும் பேஸும் இழை பிரியாமல் போயின. யூஜின் ஆச்சரியமாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். ஜெயித்துவிட்டார் மனுஷர் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

மூன்றாவது சரணத்தில் சபை கீழே இறங்கியது.

முதலில் வயதான பெண்கள் வரிசை. பிறகு ஆண்கள். பிறகு கொயரே. ஒரு வருஷப் பழக்கம் அல்லவா? மூன்றாவது சரணம் என்றால் தொண்டை தானாக இறங்குகிறது. மேலே கீபோர்டும் பேஸும் ஒரு சுருதி, கீழே முந்நூறு பேர் ஒரு சுருதி. காது கூசியது. யூஜின் சத்தத்தைக் கூட்டினார், விபரீதம் இன்னும் பெரிதாகக் கேட்டது. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக வாயை மூட ஆரம்பித்தார்கள்.

ஞானசேகரன் யூஜினைப் பார்த்தார். ஜனங்களைப் பார்த்தார். கம்பி நிற்கிறது, சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று, யூஜின் இனி ஒன்றும் சொல்லமுடியாது. சும்மா இருந்திருக்கலாம். இடது கையை எடுத்து, குரோமியம் பூசிய அந்தக் காதைப் பிடித்து, மெதுவாகத் தளர்த்தினார். நான் அளக்கிறவன், என் கண்ணுக்குத் தப்பாது. ஜனங்கள் இருந்த இடத்துக்குச் சரியாக வந்து நிறுத்தினார். மற்ற மூன்று கம்பியையும் தொடாமல் அந்த ஒற்றைக் கம்பியிலேயே வாசித்தார். டைம் ஆபீஸில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தராத மனுஷர்! மூடிய வாய்கள் திறந்தன. வயதான பெண்கள் வரிசை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. யூஜின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது சரணம் முழுக்க பேஸ் ஒன்றுதான் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

வெளியே கேக்கும் டீயும் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் யூஜினின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் பொட்டி சரியில்ல தம்பி. போகப்போகச் சுருதி ஏறிக்கிட்டே போவுது. துபாய்க்குத் திருப்பி அனுப்பிடு" என்றாள்.

யூஜின் கேக் தட்டோடு ஞானசேகரன் அருகில் வந்தார். கேக்கில் ஒரு துண்டைக் கிள்ளி மறுபடியும் தட்டிலேயே வைத்தார். "மாப்ளே, அந்தப் பொட்டியில சுருதி எறக்குறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. எவ்ளோ எறக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க."

"நேரம் பாத்து எறக்கணும் மச்சான்" என்றார் ஞானசேகரன். "மொத சரணத்துல வேணாம்."

திங்கட்கிழமை நாணு இரண்டு நிமிஷம் லேட். பெரிய சிரிப்போடு வந்து கார்டை நீட்டினான். சிவப்புக் கோடு விழுந்தது. என் கார்டிலும் விழுந்தது, ஞானசேகரன் கார்டிலும் விழுந்தது. பஸ் அன்றைக்கும் லேட்.

கிறிஸ்துமஸ் காலையில் டோரீன் கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சர்ச்சுக்குக் கிளம்பத் தயாராக கிட்டார் நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தது. தொழில் புத்தி போகுமா? குனிந்து பார்த்தேன். அரைச் சுற்றைக் காணோம். மொட்டைப் பல் பழையபடி இந்தப் பக்கம் வந்திருந்தது.

"என்ன சார் இது, மறுபடியும் எறங்குமே?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பை முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாம்பிள்படி இருக்கணும்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?"